இரண்டு விரல் முன்னால்

சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எங்கே வலிக்கிறது என்பதைக் காஞ்சிபுரத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், மேடம். முழங்கால் என்றால் சொல்வார்கள். முதுகு என்றால் ஊருக்கே சொல்வார்கள். சீட்டு அழுத்துகிற இடம் என்று வந்துவிட்டால் மட்டும், “அங்கதாம்பா” என்று முகவாயைத் தெருப் பக்கம் காட்டுவார்கள். பட்டுக்கடை ராமராஜன் முதன்முதலில் என்னிடம் வந்தபோது அவர் முகவாய் காட்டிய திசையில் ஏகாம்பரநாதர் கோபுரம்தான் இருந்தது. நான் புரிந்துகொண்டு சீட்டின் மூக்கைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தேன். அவர் வீட்டில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

நீங்கள் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன். என் பெயர் மகாவீரன், வயது நாற்பத்தேழு. காந்தி ரோட்டில் எங்கள் குடும்பத்துப் பட்டுக்கடை இருக்கிறது. அதன் பின்கட்டில் சைக்கிள் ஃபிட்டிங் செய்கிறேன். ஆளின் காலையும் இடுப்பையும் அளந்து, அதற்கு ஏற்றபடி சீட்டையும் ஹேண்டில்பாரையும் பொருத்தித் தருவது. பெங்களூரில் மூன்று நாள் பயிற்சி எடுத்திருக்கிறேன். சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது, உங்கள் காவலர்கள் அதையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் சைக்கிள் குழுவில் ராமராஜனையும் சேர்த்துப் பதினோரு பேர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் செய்கிற டிரையத்லான்காரர்கள் என்று பனியனில் எழுதியிருக்கும். உண்மையில் தொப்பையைக் குறைக்க முடியாமல் சைக்கிளின் எடையைக் குறைத்துக்கொண்டிருப்பவர்கள். ஞாயிறு காலை தாமல் ஏரிவரை மிதித்துப் போய், கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு, டீ குடித்துத் திரும்புவோம். அந்தக் கூட்டத்தில் ஐந்து வருடமாக முதலில் போய்ச் சேர்கிறவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஷாரோன் போன கார்த்திகையில் வந்து சேர்ந்தாள். தாமல்காரப் பெண், இருபத்திரண்டு வயது. அந்த ஏரியிலேயே நீந்தி வளர்ந்தவள். அவள் அம்மா காவேரி இங்கே தறிக்காரர்களுக்குப் பாவு பிணைக்கப் போகிறவர். முடிந்துபோன பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்க்கிற வேலை, ஆயிரக்கணக்கான இழை. ராமராஜன் தன் பழைய சைக்கிளை ஷாரோனுக்குக் கொடுத்தார். மனசு வந்து கொடுத்தார் என்று சொல்வதற்கில்லை. புதுசு வாங்க ஒரு காரணம் தேவைப்பட்டது.

அவளுக்கு ஃபிட்டிங் செய்தது நான்தான். காசு வாங்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சீட்டின் உயரம் அறுபத்தெட்டு புள்ளி இரண்டு சென்டிமீட்டர். இத்தனை சரியாக யாருக்கும் அமைந்ததில்லை. அவள் முன்னால் குனிந்து முழங்கைகளை ஊன்றிக்கொண்டு மிதித்தால், இடுப்பு ஒரு நூல்கூட அசையாது. மறுநாள் அவள் அம்மா வந்து சீட்டுக் கம்பியைச் சுற்றிச் சிவப்புப் பட்டு நூலை ஏழு சுற்றுச் சுற்றினார். கம்பி சட்டத்துக்குள் இறங்குகிற விளிம்பில், சரியாக ஒட்டினாற்போல.

“இது அளவுக்கும் ஆச்சு, கண்ணேறுக்கும் ஆச்சு. நூலு எடம் மாறுனா சீட்டு எறங்கிச்சின்னு தெரிஞ்சிக்கமா” என்று மகளிடம் சொன்னார். எனக்கே அது நல்ல யோசனையாகப் பட்டது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தை மாதம். ஏரிக்கரை டீக்கடைக்கு ஷாரோன் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தாள். அதில் எனக்கு வருத்தமில்லை. நான் டீயை வாங்கி ஊதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்தாள்.

“அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க சீட்டு ரொம்ப பின்னால இருக்குது. அதான் குனியும்போது வயிறு தொடையில இடிக்குது, மூச்சு வாங்குது. ரெண்டு வெரல் முன்னால தள்ளிப் பாருங்களேன்.”

ராமராஜன் வாயிலிருந்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். “ஃபிட்டருக்கே ஃபிட்டிங்காபா! சபாஷ்மா!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் என் பெயர் “ரெண்டு வெரல்” ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் கடை வாசலிலேயே அப்படிக் கூப்பிட்டார்கள். புடவை எடுக்க வந்த ஒரு சம்பந்தி அம்மாள், அது எங்கள் வீட்டுப் பெயரா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் குண்டு கட்டிய நூலை முழங்காலிலிருந்து தொங்கவிட்டு அளந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. அதுதான் பிரச்சினை, மேடம். தப்பாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பேன். இரண்டு வருடமாக எனக்கும் மரத்துப்போகிறது. எங்கே என்று கேட்காதீர்கள், நானும் இந்த ஊர்க்காரன். ஆனால் அன்றைக்குச் சீட்டை முன்னால் தள்ளியிருந்தால் அடுத்த ஞாயிறே பத்துப் பேர் கண்ணும் அதன்மேல்தான் விழும். தள்ளவில்லை.

என்னைத் தப்பாக நினைக்க உங்களுக்கு உரிமை உண்டு. நான் எப்படிப்பட்டவன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவேன். மழை விட்ட காலையில் ஏரிக்கரையில் சிவப்புப் பட்டுப்பூச்சி ஊர்ந்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பேன். “கடையில பட்டு வித்துக்கினு இங்க பூச்சிய காப்பாத்திக்கினு இருக்கியேபா” என்று ராமராஜன் கேலி செய்வார். பட்டுக்காக எத்தனை புழு கொதிநீரில் போகிறது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் கொதிக்கவைப்பது வேறு ஊர், வேறு ஆட்கள். நாங்கள் மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுக்கிறோம். இந்த வித்தியாசம் பலருக்குப் புரிவதில்லை.

குழுவின் சைக்கிள்கள் எல்லாம் சனிக்கிழமை மத்தியானம் என் பின்கட்டுக்கு வந்துவிடும். செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றுப் பிடித்து வைப்பேன். அடுத்த சனிக்கிழமை ஷாரோனின் சீட்டை இரண்டு மில்லிமீட்டர் உயர்த்தினேன். கடுகளவு. ஃபிட்டிங் என்பது டீக்கடையில் நின்று கண்ணால் பார்த்துச் சொல்கிற விஷயமில்லை என்று அவளுக்கு உறைக்க வேண்டும், அவ்வளவுதான். தொடைக்குப் பின்னால் லேசாக இழுக்கும், என்னிடம் வருவாள், நான் சரிசெய்து கொடுப்பேன், ராமராஜன் அதைப் பார்ப்பார். நூலை மட்டும் மெதுவாகக் கீழே உருட்டிப் பழையபடி விளிம்பில் ஒட்டிவைத்தேன்.

அவள் வரவில்லை. மறுவாரம் இன்னும் இரண்டு உயர்த்தினேன். பாடம் புரிகிறவரை நடத்துவதுதானே முறை.

ஐந்தாவது வாரம் வந்தாள். ராமராஜன் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தாள்.

“அண்ணா, கால் மரத்துப்போவுதுண்ணா. அப்புறம்… இங்க…” என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். முகவாய் தெருவைக் காட்டியது.

“எங்கமா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லண்ணா. சீட்டு ஏதாவது மாறியிருக்குமோன்னு பாத்தேன். நூலு எடத்துலயேதான் இருக்குது.”

“அப்புறம் என்ன? உடம்பு பழகணும். எல்லாருக்கும் வர்றதுதாம்மா” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். அவளுக்குச் சொல்ல வெட்கம், எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இந்த ஊரின் அடக்க ஒடுக்கத்தைப் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அது உதவியாகத்தான் இருந்திருக்கிறது.

எட்டாவது வாரம் பின்னாலிருந்து பார்த்தபோது மிதிக்கையில் அவள் இடுப்பு இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்திருந்தது. அந்த ஞாயிறு நான் முதலில் தாமல் போய்ச் சேர்ந்தேன். டீக்கடைக்காரர்கூட, “என்னாபா, பொண்ணு பின்தங்கிடுச்சி?” என்று கேட்டார். வயசுப் பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் இருக்கிற வேகம் நிலைக்காது என்று சொன்னேன். அன்றைக்கு டீ நன்றாக இருந்தது.

நீங்கள் கேட்பீர்கள், அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று. நிறுத்தத்தான் இருந்தேன். பத்தாவது வாரத்துக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை சைக்கிளை விட வந்தபோது கையில் அதிரசத்தோடு வந்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குச் சைக்கிள் ஓட்டிக் காட்டுகிற தேர்வு வருகிறதாம், வருகிற செவ்வாய்க்கிழமை.

“இது கெடச்சா அம்மாவ வேலைக்கு அனுப்பமாட்டேண்ணா. அவுங்களுக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது, இழைய தடவித் தடவித்தான் சேக்குறாங்க. நீங்க ஒருவாட்டி எல்லாத்தையும் செக் பண்ணிடுங்கண்ணா. நீங்க பாத்துட்டா எனக்கு தைரியம்.”

அதிரசம் நன்றாக இருந்தது. பொழுது இருக்கும்போதே தின்றேன். தின்றுகொண்டே யோசித்தேன். இந்த வேலை கிடைத்தால் அவள் படம் பேப்பரில் வரும். பேப்பரில் வந்தால் ராமராஜன் அதைக் குழுவில் போடுவார். போட்டால், அன்றைக்கே சொன்னாளே, ரெண்டு வெரல், என்று மறுபடி தொடங்கும். இந்தமுறை ஓயாது. நேரமும் குறைவாக இருந்தது. அதனால் அந்தச் சனிக்கிழமை இரண்டுக்குப் பதில் நான்காக உயர்த்தினேன்.

அப்போதுதான் நூல் அறுந்தது. கார்த்திகையிலிருந்து பட்ட வியர்வையில் இற்றுப்போயிருந்தது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பட்டுக்கடையில் சிவப்பு நூலுக்கா பஞ்சம்? அதே நிறத்தில் எடுத்து, ஏழு சுற்றுச் சுற்றி, நுனியில் சின்னதாக ஒரு முடிச்சுப் போட்டேன். அழகாகவே போட்டேன்.

மறுநாள் அவள் தேர்வுப் பயிற்சிக்காக ஏரிப் பக்கம் போகாமல் மாகறல் ரோட்டில் போனோம், அங்கே நடந்தது உங்கள் குறிப்பில் இருக்கிறது. முன்னால் போன எம்-சாண்ட் லாரி பள்ளத்துக்குப் பிரேக் போட்டது. ஷாரோனும் நின்றாள். நிற்கும்போது எப்போதும் அவள் கால் கட்டைவிரல் தரையைத் தொடும். அன்றைக்கு இருபத்துநான்கு மில்லிமீட்டர் தூரம் பாக்கி இருந்தது. மரத்துப்போன காலுக்கு அதைத் தேட நேரம் ஆனது. அவள் வலது பக்கம் சாய்ந்தாள். அந்தப் பக்கம் டிராக்டர் வந்துகொண்டிருந்தது. நான் பின்னால்தான் இருந்தேன். ஆம்புலன்சுக்குப் போன் செய்தவனே நான்தான், நேரம் ஆறு நாற்பது, சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. நடப்பாள், ஆனால் அந்தக் கால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டையாகத்தான் சேரும் என்றார் டாக்டர். அதற்கு வழி இருக்கிறது. செருப்புக்கு அடியில் வைக்கிற தகடு என் கடையிலேயே உண்டு. ஒரு ஜோடி கையோடு எடுத்துப் போயிருந்தேன். கட்டிலருகே வைத்தேன்.

அவள் அதைப் பார்க்கவில்லை. “அண்ணா, சீட்டு சரியாத்தான இருந்துது?” என்று கேட்டாள்.

“சரியாத்தாம்மா இருந்துச்சு.”

“அப்ப எம்மேலதான் தப்பு” என்றாள். நோயாளியிடம் அதிகம் பேசக்கூடாது.

எல்லாம் அப்படியே முடிந்திருக்கும். உங்கள் ஸ்டேஷனில் கிடந்த சைக்கிளைப் பார்க்க அவள் அம்மா வந்தார், அதுதான் வினை. கண் தெரியாத அம்மாள், கம்பியை விரலால் தடவினாராம். தடவிவிட்டு உங்களிடம் சொன்னாராம்: “இது என் கை இல்லம்மா. நாங்க முடிச்சு போடமாட்டோம். சாம்பல தொட்டு முறுக்கித்தான் ஒட்டுவோம். முடிச்சு போட்டா இழை தறியில சிக்கிக்கும். நூலு வேலை தெரியாத யாரோதான் இத கட்டிக்கிறாங்க.”

இருபத்தைந்து வருடமாகப் பட்டு விற்கிறேன், மேடம். ஒரு இழையை எப்படிச் சேர்ப்பார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். பதினோரு சனிக்கிழமை. பத்துமுறை இரண்டு மில்லிமீட்டர், ஒருமுறை நான்கு. திருகியது நான், தெரிந்தே திருகினேன், ஒவ்வொருமுறையும் நூலை இறக்கி வைத்ததும் நான். மிதித்தது மட்டும் அவள். அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று எழுதினால் கையெழுத்துப் போடமாட்டேன். அவளுடைய சரியான உயரம் இன்றைக்கும் என் ஒருவனுக்குத்தான் தெரியும், அறுபத்தெட்டு புள்ளி இரண்டு. கேட்டால் கொடுக்கப்போகிறேன்.

இன்னொன்று. வழக்குக்குத் தேவைப்படாது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அவளை ஆபரேஷனுக்குள் கொண்டுபோன அன்று மத்தியானம் என் சீட்டை இரண்டு விரல் முன்னால் தள்ளினேன். அடுத்த ஞாயிறு தனியாகத் தாமல் போய்வந்தேன். வயிறு இடிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. மரத்துப்போவது சுத்தமாக நின்றுவிட்டது.

இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள், மேடம். தலைக்கனம் வந்துவிடும்.