ரெண்டாவது தடவ குடுத்த பன்

இல்லங்க மேடம், லிஃப்டுக்கு ஒண்ணும் ஆகல. கீழ வாட்ச்மேன் சும்மா மேல விடமாட்டேன்னாரு, அதான் லிஃப்ட் பாக்க வந்திருக்கேன்னு சொல்லிட்டு வந்தேன். முழுப் பொய்யும் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்தான் நான், சட்டையிலயே கம்பெனி பேரு இருக்கு பாருங்க.

நீங்க பெசையறத நிறுத்தாதீங்க, மாவு காஞ்சிடும். நான் இப்படி ஓரமா நின்னே சொல்லிடுறேன். உங்களத்தான் பாக்கணும். பன்னெல்லாம் நீங்கதானே அளந்து செஞ்சு குடுப்பீங்க, டயட்டீஷியன் மேடம்னு அவ எப்பவும் சொல்லுவா.

என் சம்சாரம் இங்க வந்துக்கிட்டிருந்தா. மாசமா இருக்கிறவங்க எந்தக் கொழுப்பு சாப்பிட்டா எவ்ளோ நேரம் பசி தாங்குது, உடம்பு அத எப்படிச் செலவு பண்ணுதுன்னு ஒரு ஆராய்ச்சி பண்ணீங்களே, அதுக்கு. லாண்டரியில இஸ்திரி போடுறவ. கொஞ்சம் குள்ளமா, நல்லா வாயாடுவா. ஆமா, அவளேதான். அந்த மூடிக்குள்ள படுத்துக்கிட்டுச் சிரிச்சவ.

அத எப்படி மறப்பீங்க. தலைக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு மூடியக் கவுத்து, விடுற மூச்ச அளக்குறோம், பேசாமப் படுத்திருங்கன்னீங்க. நான் வெளிய வராண்டாவுல நின்னு பாக்குறேன். உள்ள புள்ள ஒதைக்குது, இவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மூடி முழுக்கப் புகை மாதிரி படிஞ்சு மூஞ்சே தெரியல. மெஷினப் பாத்துக்கிட்டிருந்த பொண்ணு ஓடி வந்து, அக்கா சிரிக்காதீங்க, கணக்கு எல்லாம் தப்பாயிடும்னா. அதுக்கும் சிரிச்சா.

இருக்கா மேடம். நல்லாத்தான் இருக்கா.

நான் வந்த விஷயத்தச் சொல்லிடுறேன். மூணு தடவ வந்தா இல்லியா, மூணு தடவையும் பாக்க ஒரே மாதிரி பன்தான். உள்ள இருக்கிற கொழுப்பு மட்டும் வேற வேறன்னீங்க. ஒண்ணுல வெண்ணெய், ஒண்ணுல கடலை எண்ணெய், ஒண்ணுல மீன் எண்ணெய். எது எதுல இருக்குன்னு சாப்பிடுறவங்களுக்குச் சொல்லமாட்டோம்னீங்க. சரி, அது உங்க நியாயம். இப்பத்தான் எல்லாம் முடிஞ்சிடுச்சே. அவளுக்கு ரெண்டாவது தடவ குடுத்தது எதுன்னு மட்டும் சொன்னீங்கன்னா போதும்.

ஏன்னா, மொதத் தடவ சாப்பிட்டப்ப ஒண்ணும் தெரியல. மூணாவது தடவ, வயிறு கல்லு மாதிரி கிடக்குன்னு சாயங்காலம் வரைக்கும் தண்ணியோட ஓட்டிட்டா. ரெண்டாவது தடவதான் கூத்து. வாசல் கேட்டக்கூடத் தாண்டல, பசிக்குதுங்கறா. நான் வேலைக்கு எடுத்துட்டுப் போற டப்பாவப் பிடுங்கி பஸ் ஸ்டாப்புலயே உக்காந்து காலி பண்ணிட்டா. பஸ் வருது, கைய கழுவணும், இன்னும் பசிக்குதுங்கறா. உங்க புள்ள என்னையும் சேத்துத் தின்னுட்டுத்தான் வெளிய வருவான் போலருக்குன்னா. பக்கத்துல உக்காந்திருந்த ஆளு பயந்துபோய்த் தன் பையத் தூக்கி மடியில வெச்சிக்கிட்டாரு.

அந்த பன்தான் மேடம் எனக்கு வேணும்.

பசி தாங்குறது வேணாம். பசிக்க வெச்சதுதான் வேணும்.

சாப்பிடமாட்டேங்கறா, அதான். தட்டு வெச்சா உக்காருறா. ஒரு வாய் வைப்பா. அப்புறம் வயித்து மேல கைய வெச்சிக்கிட்டு, போதுங்க, நெறஞ்சிருக்குங்கறா. கோவமா இல்ல, அழுதுக்கிட்டும் இல்ல. கல்யாண வீட்டுல சாப்பிட்டு எந்திரிக்கிறவ மாதிரி, நெசமாவே நெறஞ்ச மாதிரி சொல்றா. உங்க இடத்துல ஒரு கோடு போட்டுக் குடுப்பீங்களே, இந்தப் பக்கம் பசி, அந்தப் பக்கம் நெறஞ்சுது, எங்க இருக்கீங்கன்னு குறிக்கச் சொல்லி. அந்த மாதிரி மேஜையில வெரலால கோடு இழுத்து, நீ எங்க இருக்கேன்னு கேட்டேன். நெறஞ்ச பக்கத்துக் கடைசியில வெரலக் கொண்டுபோய் வெச்சா. கோட்டையும் தாண்டி வெச்சா.

அத்தை, அவங்கம்மா வந்து கூடவே இருக்காங்க. பாத்துப் பாத்துச் சமைக்கிறாங்க. மிச்சத்தயெல்லாம் நான்தான் திங்குறேன். பெல்ட்டு ஒரு ஓட்டை தள்ளியாச்சு எனக்கு. அவளுக்கு வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது.

கம்ப்யூட்டர்லயா இருக்கு? பாருங்க, பாருங்க. கை தொடச்சிட்டே பாருங்க.

மீன் எண்ணெயா?

இல்ல, சும்மாதான் கேட்டேன். நானும் மூணையும் செஞ்சு பாத்துட்டேன் மேடம். மருந்துக் கடையில மீன் எண்ணெய் மாத்திரை வாங்கி, பிளேடால கீறி மாவுல பிழிஞ்சு வெச்சேன். வீடே நாறுச்சு. அத்தை ஜன்னலயெல்லாம் தொறந்து விட்டாங்க. மொத மூணு மாசம் எவனாவது தெருவுல மீன் பொரிச்சாலே வாந்தி எடுத்தவ அவ. பன்ன மோந்து பாத்தா, மூஞ்சக்கூடச் சுளிக்கல. ஒரு வாய் தின்னா. நெறஞ்சிருக்குன்னா. எனக்கு அன்னிக்குத்தான் பயம் வந்துச்சு. அளவு தப்பா இருக்குமோ, சுடுறப்ப ஏதாவது வேற மாதிரி பண்ணுவீங்களோன்னுதான் உங்களத் தேடி வந்தேன்.

மூணு எண்ணெய்க்கும் பசியில வித்தியாசமே பெரிசா இல்லையா? யாருக்குமேயா?

அப்ப அவளுக்கு மட்டும் ஏன் மேடம் அன்னிக்கு அப்படிப் பசிச்சுது? நான் கண்ணால பாத்தேனே.

ம்.

அது எண்ணெயால இருக்காதுங்கறீங்க. அந்த நேரத்துல புள்ள வேகமா வளந்திருக்கும், அவன் கேட்டிருப்பான்.

அப்படின்னா அது அவனோட பசி.

இல்லைங்க, உக்கார வேணாம், நிக்கிறேன். நீங்க சொல்றது புரியுது. மாசமா இருக்கிறவங்க இப்படிப் பட்டினி கிடந்தா புள்ளைக்கு ஆகாது, ஒடனே டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு சொல்றீங்க. காட்டிக்கிட்டுத்தான் இருக்கோம். புள்ள போயிடுச்சு மேடம். போன மாசம். கொடி சுத்திக்கிச்சுன்னாங்க. உங்க சாப்பாட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, டாக்டரே சொல்லிட்டாரு, நீங்க மனசுல எதுவும் வெச்சிக்காதீங்க. பெத்தா. ரெண்டு பேரும் தூக்கிப் பாத்தோம். தலை நெறைய முடி. அவதான் ஈரம் போகத் துவட்டி விட்டா. எல்லாம் தெரியும் அவளுக்கு. வேறெதுலயும் கொழப்பமே இல்ல, இஸ்திரிக்கு எப்பப் போகட்டும்னு கேக்குறா. சோத்துத் தட்டு முன்னால உக்காந்தாத்தான் இப்படி.

கூட்டிட்டு வந்திருக்கேன். கீழதான் இருக்கா. வரமாட்டான்னு நெனச்சேன், வந்துட்டா. உள்ள நுழையும்போது பெஞ்சு நெறைய ஆளு. இவ இடுப்புல கைய வெச்சு மெதுவா நிக்கிறதப் பாத்துட்டு, ஒரு பொண்ணு எந்திரிச்சு, உக்காருங்கக்கா, இந்த நேரத்துல நிக்கக் கூடாதுன்னு இடம் குடுத்துச்சு.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவ, ரொம்ப தேங்க்ஸ்மான்னு சொல்லி, வயித்தப் பிடிச்சிக்கிட்டு, பாத்துப் பாத்து உக்காந்துக்கிட்டா.