மூன்றாம் ஓலைக்கு முன் ஒரு தலைக்குளியல்

ஷாம்புவை முடியில் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு, மேடம். மண்டைத் தோலில்தான் தேய்க்கவேண்டும், நகம் படாமல், விரல் நுனியால். நுரை வழியும்போது முடி தானாகச் சுத்தமாகிவிடும். பொடுகால் முடி கொட்டினால் அதற்கான மருந்து ஷாம்பு கேட்கும். மற்றபடி பாட்டிலில் ஒட்டியிருக்கும் அழகியின் படத்துக்குத்தான் காசு. ராயபுரத்தில் மெடிக்கல் ஷாப்பில் நின்றுகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்வேன். முதலாளிக்கு என்மேல் கடுப்பு.

என் தங்கை ஷைனிக்குத் தலைக்கு ஊற்றிவிடுவது நான்தான். அம்மா இறந்தபோது அவள் சின்னப் பிள்ளை. அப்பா அதற்கும் முன்பே போய்விட்டார். சனிக்கிழமை சாயந்திரம் முக்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, இடுப்புவரை தொங்கும் முடியை அலசிவிடுவேன். ஞாயிறு பூசைக்குப் போனால் பின்பெஞ்சில் இருப்பவர்கள் அவள் பின்னலைத்தான் பார்ப்பார்கள். எண்ணூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் என் கையால்தான் குளித்தாள். எனக்கு வந்த வரன்களை அவளுக்காகத் தட்டிக்கழித்தேன். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நல்ல நாளில் மட்டும் சொல்வேன்.

ஷைனியைக் கட்டிக்கொள்ளப்போகிற பிராங்கிளின், ஹார்பரில் கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான். நல்ல பையன்தான், மறுக்கமாட்டேன். இருவரும் பேசி முடிவு செய்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள். கல்யாணம் ஆனதும் விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவதாக ஏற்பாடு. ஷைனி அதைச் சாப்பிடும்போது சொன்னாள், இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்கிற மாதிரி. குழம்பு ஊற்றினேன்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையில், சீப்பில், குளியலறைச் சாக்கடை வாயில் எங்கும் முடி. காசிமேட்டில் மீன் விற்கிற எதிர்வீட்டுக் கன்னியம்மா, "தண்ணி கலீஜா கீது டோரதி, அதான் கொட்டுது" என்றாள். இருக்கலாம் என்றேன். ஷாம்புவை மாற்றினேன். குழந்தைகளுக்கானது, வெங்காயச் சாறு போட்டது, விலை கூடினது, எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்கினேன். தோல் டாக்டரிடமும் கூட்டிப்போனேன். ரத்தத்தில் குறை எதுவுமில்லை. உபயோகிக்கிற ஷாம்புவைக் கொண்டுவரச் சொன்னார். கடையிலிருந்து ஒரு புது பாட்டிலை எடுத்துப்போய்க் காட்டினேன்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த ட்யூப்களைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்களே. கை கால் முடியை எடுக்கப் பெண்கள் வாங்குகிற கிரீம்தான் அது. ஷாம்புவில் கொஞ்சமாகத்தான் கலந்தேன். "எரியுதுக்கா" என்பாள். "மருந்துன்னா எரியத்தான் செய்யும், கண்ண மூடு" என்பேன். மூடிக்கொள்வாள். அப்படி நம்புகிற பிள்ளையை ஊர் பேர் தெரியாத இடத்துக்கு எப்படி அனுப்புவது, நீங்களே சொல்லுங்கள்.

முடி போய் மண்டை தெரிய ஆரம்பித்தால் அவன் போய்விடுவான் என்று நினைத்தேன். அவனைச் சோதித்துப் பார்ப்பது அக்காவின் கடமை. அவனோ, "முடிதானக்கா, போனா போது. நான் இன்னா முடியவா கட்டிக்கினு வாழப் போறேன்?" என்றான். சோதனையில் தேறிவிட்டான். எனக்குத்தான் அது போதவில்லை.

அன்றைக்கே குளியலறை பாட்டிலைத் திறந்து முகர்ந்தும் பார்த்தான். "இன்னாக்கா இது, ஒரு மாரி நாத்தம் அடிக்குது?"

"மருந்து ஷாம்பு அப்படித்தான் இருக்கும்."

மறுநாள் அவனே ஒரு பாட்டில் வாங்கிவந்து ஷைனி கையில் கொடுத்தான். "இத்த மட்டும் போட்டுக்கோ. நீயே ஊத்திக்கோ." சொன்னது அவளிடம், பார்த்தது என்னை. பாட்டிலை அவள் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவள் வீட்டில் எதையும் பூட்டியதில்லை. போகப்போக நெற்றியோரம் பூனைமுடி வர ஆரம்பித்தது. "மாப்ளைக்கு கை ராசி" என்றாள் கன்னியம்மா. அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவேண்டும் என்று சொல்வார்கள். முதல் ஓலை போனது, இரண்டாம் ஓலையும் போனது. நான் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். தடை தெரியும், ஆனால் சாமியாரிடம் சொல்கிற மாதிரியான தடை இல்லை.

மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை அவளிடம் கெஞ்சினேன். கடைசியாக ஒருதரம் நான் ஊற்றிவிடுகிறேன் என்றேன். அவள் அழுதுவிட்டாள். பீரோவைத் திறந்து அவன் கொடுத்த பாட்டிலைத் தந்தாள். அவள் புடவை மாற்றுகிற நேரத்தில், வாஷ்பேசின் அடைப்புக்குப் போடுகிற மருந்தை அதில் கலந்தேன். அவன் பாட்டில் என்பதால் பழி அவன்மேல் விழும் என்று நான் கணக்குப் போட்டதாகச் சொன்னீர்கள். போட்டேன். அவனை இரண்டு நாளாக ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறீர்கள், அதற்கு வருத்தம்தான். இனி விட்டுவிடலாம்.

ஆனால் கண் போனதற்கு நான் பொறுப்பில்லை, மேடம். எப்போதும் மூடிக்கொண்டுதான் இருப்பாள். அன்று நடுவில் கண்ணைத் திறந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அவளிடம் பேசிவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கமாட்டேன், என் பிள்ளை என்னை விட்டுக்கொடுக்காது. நீங்கள் என்னை இங்கே அழைத்துவருவதற்குச் சற்று முன்னால் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே போனேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் போர்வையைத் தலைவரை இழுத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உடம்பெல்லாம் நடுங்கியது. மொட்டைத் தலையை நான் பார்த்துவிடுவேனென்று வெட்கம், பாவம்.