பதிமூன்றாம் சானல்

மாலை ஆறே கால். டிசம்பர் மாதம், அதற்குள் நல்ல இருட்டு. டெக்சாஸில் டெய்லர் ஊரிலிருந்து ரவுண்ட் ராக் பக்கம் வரும் ஒரு பண்ணைச் சாலை... இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த பருத்திக் காடு. விளக்குக் கம்பம் கிடையாது. எதிரே ஒரு வண்டி கிடையாது. அந்த ரோட்டில் நஞ்சப்பன் தனியாகக் காரில் வருகிறான்.

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. போர்வையை ஆளுக்குக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளுங்கள். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம். அழுகை வந்தாலும்தான்.

நஞ்சப்பன் வேறு யாருமில்லை. இங்கே நம் பிஸ்கட்டவேயில் தினமும் என்னோடு நடக்க வருகிற வசந்தாமணியின் தம்பி. பாலங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. அவன் மனைவி கயல் செப்டம்பரில் போய்விட்டாள். புற்றுநோய். முப்பத்தாறு வயது. பிள்ளை மாளவிகாவுக்கு ஐந்து.

கம்ப்யூட்டர் நெட்வொர்க்குதான் கயலின் தொழில். கோயம்புத்தூரிலிருந்து வரும்போது பெட்டியில் இரண்டு கிலோ இடம் மிச்சம் இருக்கிறதே என்று, புளிக்கும் தலைக்குத் தேய்க்கிற அரப்புத் தூளுக்கும் நடுவே ஒரு ரவுட்டரைச் சேலையில் சுற்றிக் கொண்டுவந்தவள் அவள். வீட்டில் இந்த ஊர்க் கம்பெனி கொடுத்த வைஃபை இருந்தது. நஞ்சப்பனும் குழந்தையும் அதில்தான். ஊரில் வாங்கிய தன் பழைய லேப்டாப்பை மட்டும் அவள் தன் ரவுட்டரோடு சேர்த்து வைத்திருந்தாள்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள். "ஏனுங்க, மாலுவுக்கு நாப்பது கதை சொல்லி ரெக்கார்டு பண்ணியிருக்கேன். எல்லாம் என் ரவுட்டருக்குள்ளயே இருக்கு. என் வைஃபைல கனெக்ட் பண்ணுனீங்கன்னா வந்துரும்."

அவள் போன பிறகு இவன் தேடினான். தன் லேப்டாப்பைத் திறந்தால் அக்கம்பக்கத்து வைஃபை பதினோரு பெயர் வருகிறது. 'கயல் வீடு' மட்டும் வரவில்லை. அணைத்துப் போட்டான். எதையெதையோ அப்டேட் பண்ணினான். ரவுட்டரை மடியிலேயே வைத்துக்கொண்டு பார்த்தான். குழந்தையின் டேப்லெட்டிலும் பார்த்தான். இல்லை... பத்து நாள் இதே வேலை.

"செத்துப் போச்சுக்கா. அவ வெச்சுட்டுப் போனதைக்கூட என்னால காப்பாத்த முடியல," என்று வசந்தாமணியிடம் சொல்லிவிட்டு அழுதானாம்.

துணைக்கு வந்திருந்த வசந்தாமணிதான் வீட்டை ஒழித்தாள். மிக்ஸி, குக்கரோடு அந்த ரவுட்டரும் ஒரு பெட்டியில் ஏறி, டெய்லரில் புதிதாகக் குடிவந்த அச்சுதன் என்கிற பையன் வீட்டுக்குப் போய்விட்டது.

நவம்பரில் ஒரு நாள் சோறு ஊட்டும்போது குழந்தை கேட்டாள். "அத்தை, அம்மா வாய்ஸ் எப்படி இருக்கும்? ஐ ஃபர்காட்."

வசந்தாமணிக்குக் கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றுவிட்டது. வீடியோக்களைத் தேடினார்கள். எல்லாவற்றிலும் படம் பிடித்தவள் கயல். "சிரி கண்ணு, இங்க பாரு," அவ்வளவுதான் கேட்கிறது.

பிறகுதான் நஞ்சப்பனின் ஆபீஸில் பத்மநாபன் என்பவர் விஷயத்தைச் சொன்னார். "வைஃபைக்கும் ரேடியோ மாதிரி சானல் உண்டு. இங்க வாங்கின லேப்டாப் பதினோராவது சானல் வரைக்கும்தான்ப்பா பாக்கும். ஊர் ரவுட்டர் பதிமூணுல போய் உக்காந்துக்கும். ரவுட்டர் சாகல. உன் லேப்டாப்புக்குத்தான் கண்ணில்ல. ஊர்ல வாங்கினதுல பாரு, தெரியும்."

அலமாரியிலிருந்து கயலின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அப்படியே டெய்லருக்கு ஓடினான்.

கதவைத் திறந்த அச்சுதன், விஷயத்தைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணா... எங்க லேப்டாப்புலயும் தெரியல. கெட்டுப்போச்சுன்னு போன வாரம்தான் ரீசைக்கிளிங்ல போட்டேன். ஸாரிண்ணா. சத்தியமா தெரியாதுண்ணா."

அந்தப் பையனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? இவனும்தானே அதே தப்பைச் செய்தான். உயிரோடு இருந்ததைச் செத்துப்போனதென்று நம்பி, வீட்டை விட்டே போக விட்டான்...

அப்படித் திரும்பி வருகிறபோதுதான் அந்த ரோடு.

பக்கத்து சீட்டில் கிடந்த லேப்டாப்பில் திடீரென்று வெளிச்சம். எட்டிப் பார்த்தான்.

கயல் வீடு.

சிக்னல் நாலு கோடும் நிறைந்திருந்தது.

காரை ஓரங்கட்டினான். எஞ்சினை நிறுத்தவில்லை. சுற்றிலும் வீடு இல்லை, கொட்டகைகூட இல்லை. ஈரமான பருத்திக் கட்டையின் வாசனை மட்டும். லேப்டாப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அதுவே கனெக்ட் ஆகியிருந்தது. நாற்பது கதைகள்... வரிசையாக. முதல் கதையைத் தொட்டான். சத்தம் இல்லை. இரண்டாவது. அதுவும் இல்லை.

போன் அடித்தது. வீட்டிலிருந்து. குழந்தை.

"அப்பா, அம்மா ஸ்டோரி பாதியில ஸ்டாப் பண்ணிட்டாங்க."

"எந்த அம்மா கண்ணு? எங்க?"

"டேப்லெட்லப்பா. முயல் ஸ்டோரி. ஃபன்னியா சொல்லிட்டிருந்தாங்க."

அந்த டேப்லெட்டும் இங்கே வாங்கியதுதான். அவன் வாயைத் திறப்பதற்குள் குழந்தை மறுபடி பேசினாள்.

"அம்மாக்கு வெளிய ரொம்பக் குளுருதாம். அப்பா கார் இங்கதான் நிக்குது, பட் டோர் லாக் பண்ணியிருக்குன்னு சொல்றாங்க. ஏம்ப்பா லாக் பண்ணீங்க?"

பக்கத்து சீட்டு ஜன்னலைப் பார்த்தான். வெளியே ஒன்றுமில்லை. இருட்டு. கண்ணாடியின் வெளிப்பக்கம் மட்டும், ஒரு முகத்தின் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது... கரைந்தது. மறுபடி படிந்தது.

யாராக இருந்தாலும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடியிருப்பார்கள், இல்லையா? அவன் ஓடவில்லை, செல்லங்களா. லாக்கை எடுத்தான். டக்.

கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை. ஆனால் அரப்பு வாசனை வந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்ட ஈரம் காயாத வாசனை. மருந்தில் முடியெல்லாம் கொட்டி, அவள் அரப்பைத் தொட்டே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முடி வளர்ந்துவிட்டது போல, என்று நினைத்தானாம். அது ஒன்றுதான் நினைத்தானாம்.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் கார் எழுப்புகிற சத்தம். சீட்டில் ஒன்றுமில்லை. லேப்டாப் அவன் மடியில்.

மெதுவாக அந்தப் பக்கம் சாய்ந்து பெல்ட்டை இழுத்தான். யாருக்கும் வலித்துவிடக் கூடாது என்பதைப் போல இழுத்து மாட்டினான்.

சத்தம் நின்றது.

மடியிலிருந்த லேப்டாப்பில் 'கயல் வீடு' இல்லை. கதைகளும் இல்லை. டேப்லெட்டிலும் ஒன்றும் இல்லை, வசந்தாமணி தேடிப் பார்த்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து குழந்தை அம்மா குரல் எப்படி இருக்கும் என்று கேட்பதில்லை. சாயங்காலமானால் "ட்ரைவ் போலாம்ப்பா" என்கிறாள். பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, யாரும் ஒன்றும் சொல்லாமலே, நடுநடுவே சிரிக்கிறாளாம்.

போன ஜூனில் வசந்தாமணியோடு நானும் அங்கே போயிருந்தேன். ஏர்போர்ட்டுக்கு நஞ்சப்பன் வந்தான். இளைத்துப் போயிருந்தான், முகம் மட்டும் தெளிவாக இருந்தது. முழங்கால் வலிக்காரி ஆயிற்றே, நான் முன் கதவில் கை வைத்தேன்.

"ஆன்ட்டி... நீங்க பின்னால உக்காந்துக்கோங்க," என்றான். அவ்வளவு பணிவாக.

பின்னால் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. அப்போதுதான் பார்த்தேன். முன் சீட்டு காலி. பெல்ட் மாட்டியிருந்தது. அது சாய்மானத்தோடு ஒட்டிக் கிடக்கவில்லை, கண்ணுகளா... ஓர் ஆள் பருமனுக்கு முன்னால் தள்ளி நின்றது. லேசாக ஏறி, இறங்கிக்கொண்டிருந்தது.