நிலாராணியும் அடுப்புக்காரியும்

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள், பெண்களா. உள்ளே என் வீட்டுக்காரர் தூங்குகிறார். உரக்கப் பேச முடியாது. ஓர் அட்டைக் கட்டின் கதையைச் சொல்கிறேன். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

அவர் படம் வரைகிறவர். மிட்டாய்ப் பாக்கெட்டுக்குள் வருமே, பிள்ளைகள் சேர்த்துவைத்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் அட்டைகள், அவற்றுக்குத்தான் வரைந்தார். ஒரு கற்பனை ராஜ்யத்து மனிதர்கள் அத்தனை பேரும் அந்தக் கட்டில் உண்டு. உள்ளங்கை அகல அட்டையில் படகுக்காரனின் நகத்துச் சேறுகூடத் தெரியும். பிள்ளைகள் மட்டுமா? மீசை நரைத்தவர்களும் உறை போட்டுப் பத்திரப்படுத்தினார்கள்.

அதில் நிலாராணி என்று ஓர் அட்டை. வெள்ளித்தாள் ஒட்டியது. சற்றே சாய்த்தால் முகத்திரை விலகி முகம் தெரியும். ஊருக்கே ஒன்றிரண்டுதான் கிடைக்கும். அந்த முகம் என் தங்கையுடையது. கம்பெனிக்காரர்கள் எடுப்பான மூக்கு கேட்டார்களாம். ஒரு மத்தியானம் முழுக்க அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, பார்த்துப் பார்த்து வரைந்தார்.

நானும் அந்தக் கட்டில் உண்டு. அடுப்புக்காரி. எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் நான்தான் விழுவேன்.

கடை வாசலில் இரண்டு சிறுமிகள் பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

"ச்சே, மறுபடியும் அடுப்புக்காரிடி."

"எங்கிட்ட ஒரு கட்டே இருக்கு. சும்மா குடுத்தாலும் யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

வீட்டுக்கு வந்தால் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, மூஞ்சி இப்படி இருக்கு? அடுப்பு அணைஞ்சு போச்சா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதைத்தான் கவனித்தேன்.

அவள் போனபின் கேட்டேன். "என்னை வரையறப்ப ஏன் உக்கார வைக்கல?"

தூரிகையை அலசிக்கொண்டே சொன்னார்: "அட பைத்தியம், உன்ன எதுக்குப் பாக்கணும்? கண்ண மூடிக்கிட்டே வரைவேன். எல்லார் வீட்டுக்கும் போகட்டும்னு நான்தான் உன்ன எல்லா பாக்கெட்லயும் போடச் சொன்னேன்."

மழுப்புவதில் கெட்டிக்காரர். ஆனால் கண்ணை மூடினால் நான்தான் தெரிவேன் என்று அவர் வாயாலேயே சொன்னார் பாருங்கள், அது மட்டும் மனதில் நின்றுவிட்டது.

அவருக்குக் கண்ணில் அழுத்தம் இருந்தது. தினமும் சொட்டு மருந்து போட்டால் இருக்கிற பார்வை நிற்கும், தவறினால் போனது திரும்பாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அவர் தலையை மடியில் வைத்து நானே போடுவேன். புட்டியிலிருந்த மருந்தைக் கொட்டிவிட்டு, கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரை ஊற்றிவைத்தேன். எரிச்சலே இருக்காது. அவருக்கு ஒன்று வலித்தால் என்னால் தாங்க முடியாது.

பார்வை ஓரத்திலிருந்து சுருங்கியது. முதலில் அட்டையின் விளிம்புக் கொடிகளை வரையாமல் விட்டார். பிறகு ஆட்களின் கைகள். கடைசியில் நடுவிலிருந்த முகமும் போனது.

"மருந்து ஒழுங்கா போடறீங்களாம்மா?" என்றார் டாக்டர், குழம்பிப்போய்.

நான் வாய் திறப்பதற்குள் இவரே முந்திக்கொண்டார். "ஒரு வேளை தவறினதில்ல டாக்டர். என்னைக் கண்ணுல வெச்சுப் பாத்துக்கறா."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் வரைவதை நிறுத்தியதும் நிலாராணிக்கு மவுசு இன்னும் ஏறிவிட்டது. சேகரிக்கிறவர்கள் வாசலில் வந்து கேட்கிறார்கள். கேட்கட்டும். இவர் இனி அவளைப் பார்க்கப் போவதில்லை.

ஒரே ஒரு குறை. தங்கை வந்து பேசினால், குரல் வரும் பக்கம் முகத்தைத் திருப்புகிறார். காதும் குடைகிறது என்கிறார். அதற்கும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான்தான் போடுகிறேன்.

பொறாமை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அது எனக்குத் தெரியாத குணம்.

நேரமாகிவிட்டது, கிளம்புங்கள். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். உங்களைக் கட்டியவரின் கண்ணுக்கு, கடைசிவரை, நீங்கள் ஒருத்தி மட்டுமே தெரியட்டும்.