இருவருக்காக இறுக்கிய சுருள்வில்

"ரெண்டு பேருக்கு இறுக்கின ஸ்பிரிங்கிலை தனிய ஓடினால் நாரி முறியாமல் என்ன செய்யும், அத்தான்?"

பியர்பொன்ட்ஸ் புறநகருக்குச் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையிலிருந்து எழுந்த குரல் இது. கேட்டவருக்கு ஐம்பது வயதிருக்கலாம். அருகில் அமர்ந்திருந்த அவருடைய அத்தானோ, பேருந்து குழியில் விழுந்தெழும்போதெல்லாம் அந்த நாரியை, இடுப்பின் பின்புறத்தை, பிடித்துக்கொண்டார். அவர்கள் பேசியது பனியில் ஓட்டும் ஸ்நோமொபைலின் அதிர்வு தாங்கும் சுருள்வில்லைப் பற்றி, இருவர் பாரத்துக்கு இறுக்கியது ஒருவர் மட்டும் ஏறினால் தூக்கிப்போடும் என்பது சற்றுப் பிந்தியே எனக்கு விளங்கிற்று.

"அது உன்ரை அக்காவும் நானும் ஓடித் திரிஞ்ச காலத்திலை இறுக்கினது. எந்த மேடு பள்ளமும் தெரியாது, பஞ்சு மாதிரிப் போகும்."

"அக்காதான் முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு இனி ஏறமாட்டன் எண்டிட்டாவே. தளர்த்துங்கோவன்."

"தளர்த்தினால், அவ இனி வரமாட்டா எண்டு நானே முடிவு கட்டின மாதிரியெல்லே."

"அப்ப பின்னாலை ஒரு அரிசி மூட்டையைக் கட்டுங்கோ."

"கட்டிப் பாத்தனான். தூக்கிப் போடுறது குறைஞ்சதுதான். ஆனா, அரிசி மூட்டை முதுகிலை குத்தி, 'மெல்லப் போங்கோப்பா' எண்டு கத்தாது."

மைத்துனர் வாய்விட்டுச் சிரித்தார். சாளரத்துக்கு வெளியே பனி பொழிந்துகொண்டிருந்தது. இறங்குமிடம் நெருங்கியதும் அத்தான் கம்பியைப் பற்றி மெல்ல எழுந்தார்.

"சனிக்கிழமை ஸ்பானரோடை வா, தளர்த்துவம். ஆனா, அதுக்கு முதல் ஸ்பிரிங் இப்ப நிக்கிற இடத்திலை பெயின்ற்றாலை ஒரு கோடு போடு. அவ மனம் மாறினால், பேந்து அந்த அளவுக்கே திருப்பி இறுக்கவேணும்."