'சரி' என்று எழுதாத போஸ்ட்மாஸ்டர்

மேடையில் அமர்ந்திருக்கும் பல் டாக்டர் அவர்களே, அச்சக உரிமையாளர் அவர்களே, இந்த வகுப்பறையை நமக்காகத் திறந்துவிட்டிருக்கும் டிரைவிங் ஸ்கூல் முதல்வர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் குடும்பத்தாரே, கட்டடத்தின் ஒவ்வொரு மாடியிலிருந்தும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வணக்கம் சொல்லிவிட்டேன். அடுத்து என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை. நான் மெஷின் பார்க்கிறவன். சர்வர் சூடானால் விசிறியை மாற்றுவேன், கேபிள் கெட்டால் வேறு இழுப்பேன். பேச்செல்லாம் என் அறையில் கூட வேலை பார்த்த அந்த அம்மாவின் துறை. இதுபோன்ற கூட்டங்களில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பேசுகிறவர் நீட்டி முழக்கினால் என் காதோரம் கேலி செய்துகொண்டே இருப்பார். இன்று அவரைப் பற்றியே என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இது என்ன அநியாயம்!

போன செவ்வாய்க்கிழமை மதியம் அவர் என்னோடு சண்டை போட்டார். ஜன்னலைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்பதுதான் வழக்கு. "இருங்க, வந்து வச்சுக்கறேன் உங்களை" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில், படியில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். பல் டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நாற்பத்தேழு வயது. தலைவலி என்று ஒரு நாள் படுத்தவரில்லை. இது நடக்கக்கூடிய காரியமா? நீங்கள் எல்லோரும் நம்பிவிட்டீர்களா? நான் இன்னும் நம்பவில்லை. காலையில் ஜன்னலை மூடக் கையை நீட்டுகிறேன், திட்டு விழும் என்று நின்றுவிடுகிறேன்.

நம் எல்லோருக்கும் அவர் போஸ்ட்மாஸ்டர் அம்மா. அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று இங்கே பலருக்குத் தெரியாது. மெயில் முகவரியில் 'அட்' என்கிற அந்தச் சுழிக்குப் பின்னால் வருகிற பெயரைத்தான் டொமைன் என்கிறோம். அச்சகத்துக்கு ஒன்று, பல் ஆஸ்பத்திரிக்கு ஒன்று, டிரைவிங் ஸ்கூலுக்கு ஒன்று என்று இந்தக் கட்டடத்தில் எத்தனை கடை உண்டோ அத்தனை டொமைன். எல்லாவற்றுக்கும் மெயில் வாங்குவது எங்கள் அறையில் இருக்கிற ஒரே ஒரு சர்வர். ஒவ்வொரு டொமைனிலும் வேறு யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போஸ்ட்மாஸ்டர் என்று ஒரு பெயர் இருந்தே ஆக வேண்டும். ஏதாவது தகராறு என்றால் உலகத்தில் எவரும் அந்தப் பெயருக்கு எழுதலாம். அது மெயில் உலகத்தின் சட்டம். நம் கட்டடத்தின் அத்தனை போஸ்ட்மாஸ்டரும் அவர்தான். ஆள் ஒருத்தர், நாற்காலி ஒரு டஜன் என்று நான் கிண்டல் செய்வேன்.

அவர் வருவதற்கு முன்னால் இங்கே நடந்த கூத்தை அச்சக உரிமையாளர் மறந்திருக்க மாட்டார். எல்லா டொமைனையும் ஒரே பட்டியலில் போட்டு வைத்திருந்தார்கள். சர்வர் சுழிக்கு முன்னால் இருக்கிற பெயரை மட்டும்தான் பார்க்கும். அச்சகத்திலும் 'ஆபீஸ்' என்று ஒரு முகவரி, ஆஸ்பத்திரியிலும் 'ஆபீஸ்' என்று ஒரு முகவரி. இரண்டும் ஒரே பெட்டியில் போய் விழுந்தன. ஒரு நோயாளி எழுதுகிறார்: 'கீழ் வரிசையில் இடப்பக்கம் இரண்டாவது மிகவும் தொல்லை கொடுக்கிறது, தயவுசெய்து எடுத்துவிடவும்.' அச்சகத்தில் அப்போது ஒரு கால்பந்து கிளப்பின் ஆண்டு மலர் ஓடிக்கொண்டிருந்தது. நடுப்பக்கத்தில் அணியின் படம். கேட்டபடியே எடுத்துவிட்டார்கள். மலர் வெளிவந்த மறுநாள் கோல்கீப்பர் நேரில் வந்து நின்றார். நான் யாருக்கு என்ன தொல்லை கொடுத்தேன் என்று கேட்டார். அதே வாரம் நம் டாக்டருக்கு, ஓரமெல்லாம் தங்க நிறம் வேண்டும், அவசரம் என்று ஒரு மெயில். அந்த வேலை நான் செய்வதில்லை என்று டாக்டர் மிக மரியாதையாகப் பதில் எழுதினார்.

சிரியுங்கள். தாராளமாகச் சிரியுங்கள். இந்தக் கதையை இதைவிட நன்றாகச் சொல்கிற ஒருத்தர் இருந்தார். அவர் சொன்னால் கோல்கீப்பரின் நடையும் சேர்ந்து வரும்.

வந்த முதல் நாள் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "பேரு ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணா? ரெண்டு தெருவுலயும் பத்தாம் நம்பர் வீடு இருக்கும். தெருவைப் பார்க்காம கொடுத்தா இப்படித்தான் ஆகும்" என்றார். டொமைன்களைத் தனித்தனியாகப் பிரித்தார். ஒவ்வொரு கடைக்கும் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இங்கே யார் யார் இருக்கிறீர்கள், யாருக்கு என்ன வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். முதலில் ஆட்களுக்குப் பெட்டி, பிறகு இந்த டொமைனுக்கு வந்தால் வாங்கிக்கொள் என்று சர்வருக்குக் கட்டளை, கடைசியாகத்தான் எங்கே அனுப்புவது என்று வெளியுலகத்துக்குத் தகவல். இந்த வரிசையை அவர் ஒரு நாளும் மாற்றியதில்லை. வீட்டில் ஆள் குடிவந்த பிறகுதான் விலாசம் கொடுக்க வேண்டும் என்பார்.

எல்லோருக்கும் நல்லவராக இருந்தார் என்று சொன்னால் அவரே எழுந்து வந்து மறுப்பார். கோபக்காரர். யாருக்கும் வளைந்துகொடுக்காதவர். மூன்றாம் மாடி வக்கீல் ஐயா அதோ உட்கார்ந்திருக்கிறார், அவரையே கேளுங்கள். அவருடைய குமாஸ்தா வேலையை விட்டுப் போய்விட்டார். போனது கட்சிக்காரர்களுக்குத் தெரிய வேண்டாம், அவர் பெயருக்கு வருகிற மெயிலை சர்வர் வாங்கி வைத்துக்கொள்ளட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் வக்கீல். போஸ்ட்மாஸ்டர் அம்மா முடியாது என்றார். பணம் கொடுப்பது நான் என்றார் வக்கீல். இவர் அசையவில்லை.

"சர்வர் வாங்கிக்கிச்சுன்னா அனுப்பினவர் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு நம்புவார் சார். பதிலுக்காக உட்கார்ந்திருப்பார். ஆள் இல்லைன்னா வாசல்லயே இல்லைன்னு சொல்லிடணும். வாங்கி வச்சுக்கிட்டு ஏமாத்தக் கூடாது."

வக்கீல் ஐயா மெயிலை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்வேன் என்றார். மறுநாள் காலை அவருடைய மெயில் முழுவதையும் ஒரு பிரதி எடுத்து, அவர் மேசையில் வைத்துவிட்டு, நல்லபடியாகப் போய் வாருங்கள் என்றார் இவர். வக்கீல் ஐயா போகவில்லை. இன்றுவரை எங்களோடுதான் இருக்கிறார். இந்தக் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து நாற்காலி போட்டவரும் அவர்தான்.

நண்பர்களே, இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமானது. சொல்லலாமா என்று போஸ்ட்மாஸ்டர் அம்மாவின் தம்பியிடம் கேட்டேன். "சொல்லுங்க. நான் பண்ணினதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார்.

அவர்களுடைய அப்பா வெளியூரில் தனியாக இருக்கிறார். ரயிலில் ஒரு பகல் தூரம். நிலம் அளக்கிற சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். காது மந்தம், போனில் பேச முடியாது. அதனால் மகள் அவருக்கு மெயில் எழுதக் கற்றுக்கொடுத்து, குடும்பத்துக்கென்று ஒரு டொமைனும் நம் சர்வரில் வைத்துக்கொடுத்தார். தினமும் காலையில் அப்பாவிடமிருந்து ஒரு மெயில் வரும். அதற்குப் பதில் எழுதிவிட்டுத்தான் இவர் வேறு வேலை தொடுவார். பதில் என்றா சொன்னேன்? சண்டை! ஏணியில் ஏறாதீர்கள், வெயிலில் நடக்காதீர்கள், ஊறுகாயைத் தொடாதீர்கள் என்று கீபோர்டு அலறும்.

செவ்வாய்க்கிழமை அந்த அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்கு இதயம் பலவீனம், கேட்டால் தாங்க மாட்டார், பக்குவமாகப் பிறகு சொல்லலாம் என்று தம்பி நினைத்தார். பெரியவர்களும் அதுதான் சரி என்றார்கள். எல்லாம் அன்பினால்தான். அப்பா இல்லாமலேயே எல்லாக் காரியமும் முடிந்தது. அக்காவின் பெட்டியைத் திறந்துகொடுங்கள், அப்பாவுக்கு நான் பதில் போட்டுக்கொள்கிறேன் என்று தம்பி அழுதுகொண்டே கேட்டார். நானும் திறந்துகொடுத்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் அப்பாவின் மெயில் வந்தது. சர்வர் அதை வாங்கிக்கொண்டது. நான் திரையில் பார்த்தேன். பெயர் சரி, டொமைன் சரி, பெட்டி இருக்கிறது, ஏற்கப்பட்டது. சர்வருக்கு என்ன தெரியும்? தம்பி உட்கார்ந்து பதில் எழுதினார். கண்ணீரில் எழுத்து எங்கே தெரிந்திருக்கும்?

அதற்கடுத்த நாள், போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு ஒரு மெயில் வந்தது. அந்த முகவரிகளையெல்லாம் எனக்கு வரும்படி அன்றுதான் மாற்றியிருந்தேன். ஆகவே அதைப் படித்தவன் நான். எழுதியவர் அப்பா. அவருடைய அனுமதியோடு படிக்கிறேன்.

'போஸ்ட்மாஸ்டர் மகளுக்கு. உன் பெட்டிக்குள் வேறு யாரோ புகுந்திருக்கிறார்கள். உன் பெயரில் எனக்கு எழுதுகிறார்கள். மாத்திரையை நிறுத்தப்போகிறேன் என்று நேற்று எழுதினேன். சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. நீ என்றைக்கு எனக்குச் சரி சொல்லியிருக்கிறாய்? ஏதாவது தகராறு என்றால் இந்த முகவரிக்கு எழுதச் சொல்லியிருந்தாய், அதனால் எழுதுகிறேன். உடனே கவனி.'

மாத்திரையை நிறுத்தப்போகிறேன் என்று ஒரு மனிதர் எழுதுகிறார். இதயத்துக்கான மாத்திரை. அவருக்குச் 'சரி' என்று பதில் போயிருக்கிறது! தம்பி அந்த வரியைக் கவனிக்கவே இல்லை. அதைக் காட்டியபோது அவர் முகம் வெளுத்த வெளுப்பை என்னால் மறக்க முடியாது. வக்கீல் ஐயாவிடம் போஸ்ட்மாஸ்டர் அம்மா எதற்காக அவ்வளவு சண்டை போட்டார் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

நாங்கள் இருவரும் அடுத்த ரயிலைப் பிடித்தோம். கதவைத் திறந்தவர் மகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான்தான் சொன்னேன். சொன்னேன் என்றா சொல்வது? அவருக்குக் காது கேட்காது. மெதுவாகச் சொல்ல வேண்டிய செய்தியை நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

அவர் விழவில்லை. தாங்க மாட்டார் என்று நாம் பயந்தோமே, அவர் நின்றார். எப்போது என்று மட்டும் கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றேன். "அப்ப எல்லாம் முடிஞ்சிடுச்சா?" என்றார். தலையாட்டினேன்.

"முகத்தைக்கூடப் பார்க்க விடலையேடா என்னை" என்று மகனிடம் சொன்னார். வேறு ஒரு வார்த்தை திட்டவில்லை.

இதோ, முன்வரிசையில் இருக்கிறார். நேற்று எங்களோடு வந்தார். இன்று காலை அந்தப் படியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதிலேயே உட்கார்ந்துகொண்டார். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் அவரைச் சுற்றிப் போனீர்கள், யாரென்று தெரியாமலேயே நின்று கையைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"காலையில எழுந்தா நான் இனிமே யாருக்கு எழுதறது தம்பி?"

நானும் அவர் பக்கத்தில் அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

போஸ்ட்மாஸ்டர் அம்மாவுக்கு நாம் செய்யக்கூடியது என்ன? படம் மாட்டலாம். மாலை போடலாம். அவர் அதற்கும் கேலிதான் செய்வார். அவர் செய்த வேலையை அவர் செய்தபடியே செய்வோம் என்று இந்த மேடையில் நின்று உறுதி சொல்கிறேன். இந்தக் கட்டடத்தில் ஒருவர் மெயில் இன்னொருவர் பெட்டியில் விழாது. படிக்க ஆள் இல்லாத பெயருக்கு வந்ததை எங்கள் சர்வர் வாங்காது. புதிதாக யார் கடை திறந்தாலும், நான் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இங்கே யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்பேன். அவருடைய பெட்டியை, தம்பியின் சம்மதத்தோடு, இன்று மாலை மூடுகிறேன். அவர் பெயருக்கு எழுதுகிற எவருக்கும், அவர் காலமாகிவிட்டார் என்று வாசலிலேயே பதில் போகும். அந்த வரியை எழுதி வைத்துவிட்டேன். என் கையால் அதைத் தட்டச்சு செய்தேன் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை.

ஐயா, உங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக உரக்கச் சொல்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் கேட்டதற்குப் பதில் இது. நாளைக்கும் நீங்கள் எழுதுங்கள். மகள் பெயருக்கு அல்ல, போஸ்ட்மாஸ்டருக்கு. அதைப் படிப்பது நான். பதில் என் பெயரில் வரும். உங்கள் மகள் எழுதுகிற மாதிரி எனக்கு எழுதத் தெரியாது, அதை நீங்களும் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் தினமும் எழுதுவேன்.

மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள், ஐயா. கேட்கிறதா? நிறுத்தாதீர்கள்.