மூளை வைத்த கார்

வண்டியின் எஞ்சினில் மாற்றம் செய்யுமுன் அனுமதி பெற வேண்டும் என்பது விதி. ஹவுரா போகும் படகில் என் முன்னால் நின்ற தம்பதியில், கணவர் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிவிட்டாராம், மனைவியிடம்தான் வாங்கவில்லை.

"நம்ம பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு மூளை வச்சாச்சு, ராஜி. கார்பரேட்டரைத் தூக்கிட்டு கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து விடற எலெக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்."

"காருக்கு மட்டுந்தானா?"

"இனிமே சாவியைத் திருப்பினா உடனே ஸ்டார்ட் ஆயிடும்."

"டாக்குரியா பாலத்துல நின்னுபோன காரைப் பட்டுப்புடவையோட தள்ளினவ நான். இனி அதுல ஏறமாட்டேன்னு அன்னிக்கே சொல்லிட்டேனே."

"அதுக்காகத்தானே மாத்தினேன்! ஒரே ஒரு ரவுண்டு வாயேன்."

"என்னைக் கேட்டா மாத்தினீங்க? யோசிச்சுச் சொல்றேன்."

பிறகொரு நாள் டாக்குரியா பாலத்தில் மாலை போட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று என்னைக் கடந்தது. ஓட்டியவர் அந்தக் கணவர். பக்கத்தில் பட்டுப்புடவையில் அந்த அம்மாள். மனைவியிடம் போட்ட மனுவுக்கு அனுமதி கிடைத்தது, வண்டிகளுக்கு மாலை போடும் விஸ்வகர்மா பூஜையன்று.